சமாதிக்குள் இருந்த இசையரங்கு: ரோமில் அகஸ்டஸ் கல்லறையின் பயன்பாட்டு மாற்றங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

1936 மே 13 அன்று ரோம் நகரின் முதன்மையான இசையரங்கில் கடைசிக் கச்சேரி நடந்தது. அகஸ்டேயோ என்று அழைக்கப்பட்ட அந்த வட்ட அரங்கில் சுமார் 3,500 பேர் அமர்ந்து கேட்கலாம். அதன் கூரையிலோ ஒலியமைப்பிலோ குறை கண்டு அதை மூடவில்லை. கேட்க ஆள் வராததாலும் மூடவில்லை. முதல் ரோமப் பேரரசரான அகஸ்டஸ் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் எழுப்பிய சமாதியின் மேல் அது அமைந்திருந்தது என்பதே காரணம். சமாதியை அதன் பழைய நிலையில் வெளிக்கொணர வேண்டும் என்று அரசு முடிவு செய்ததால், அரங்கும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்பும் இடித்து அகற்றப்பட்டன.

ஒரே கட்டடம் சமாதியாகவும் கோட்டையாகவும் தோட்டமாகவும் காளைக்களமாகவும் இசையரங்காகவும் மாறி மாறிப் பயன்பட்ட வரலாற்றையும், அந்தத் தொடர்ச்சியை அறுத்த 1930களின் முடிவையும், அதன் விளைவுகளையும் இந்த ஆய்வு கால வரிசையில் பதிவு செய்கிறது. முடிவெடுத்தவர்கள் பொது வரலாற்றில் இடம்பெற்றவர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்கள் வருகின்றன. வீட்டையும் கடையையும் இழந்தவர்களும், மாலைதோறும் அரங்குக்கு வந்து போனவர்களும் பெயரின்றியே இதில் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களின் பாதுகாப்பில் ஈடுபடுவோருக்கு இந்நிகழ்வு பயன்படும் என்ற எண்ணத்திலேயே இது எழுதப்படுகிறது.

பின்னணி: கட்டப்பட்ட நோக்கம்

சமாதியின் கட்டுமானம் கி.மு. 28இல் தொடங்கியது. அப்போது அகஸ்டஸுக்கு 34 வயதுதான் ஆகியிருந்தது. எகிப்தை வென்று திரும்பியிருந்த அவர், டைபர் ஆற்றுக்கும் ஃப்ளமினியச் சாலைக்கும் இடையில், வடக்கிலிருந்து நகருக்குள் வரும் எவர் கண்ணிலும் படக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். கட்டடத்தின் விட்டம் சுமார் 87 மீட்டர். ஒன்றினுள் ஒன்றாக வட்டச் சுவர்களை எழுப்பி, அவற்றின் இடைவெளிகளில் மண்ணை நிரப்பி, நடுவில் அஸ்திக் கலசங்களுக்கான அறையை அமைத்தார்கள். உயரமான வெண்கல் அடித்தளத்தின் மேல் உச்சிவரை பசுமை மாறாத மரங்கள் நின்றதாகவும், முகட்டில் அகஸ்டஸின் வெண்கலச் சிலை இருந்ததாகவும், பின்புறத்தில் உலாவுவதற்கேற்ற பெரிய சோலை இருந்ததாகவும் அக்காலப் புவியியலாளர் ஸ்ட்ரேபோ எழுதியிருக்கிறார். கல்லும் மண்ணும் மரமும் சேர்ந்த செயற்கைக் குன்று என்று அதைச் சொல்லலாம்.

அங்கே முதலில் வைக்கப்பட்டது அகஸ்டஸின் சகோதரி மகனும் மருமகனுமான மார்செல்லஸின் அஸ்தி. ஆண்டு கி.மு. 23. அடுத்து கி.மு. 12இல் படைத்தலைவர் அக்ரிப்பாவின் அஸ்தி வந்தது. கி.பி. 14இல் அகஸ்டஸே அங்கு சேர்ந்தார். கி.பி. 98இல் பேரரசர் நெர்வாவின் அஸ்தியோடு வரிசை முடிந்தது. பின்வந்த ஹாட்ரியன் ஆற்றின் மறுகரையில் தமக்கென வேறொரு சமாதியை எழுப்பினார். நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலம் மட்டுமே இக்கட்டடம் தன் முதல் நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதன் மொத்த ஆயுளில் அது பதினாறில் ஒரு பங்குதான்.

சமாதி வாயிலில், அகஸ்டஸ் தம் சாதனைகளைத் தாமே தொகுத்துச் சொல்லும் நீண்ட வாசகம் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டிருந்தது. இந்திய அரசர்களிடமிருந்து தம்மிடம் அடிக்கடி தூதுக்குழுக்கள் வந்ததாக அதில் ஒரு வரி உண்டு. அகஸ்டஸிடம் பரிசுகளோடு தூதனுப்பிய இந்திய மன்னர் பாண்டியராகவும் இருக்கலாம் என்று ஸ்ட்ரேபோ வேறோர் இடத்தில் குறிப்பிடுவதால், தமிழ் வாசகருக்கு அந்த வரி அந்நியமாகத் தோன்றாது. தகடுகள் காணாமற்போய்விட்டன. இன்றைய அங்காராவில் அகஸ்டஸுக்கு எழுப்பப்பட்ட கோயிலின் சுவரில் வெட்டப்பட்ட படியிலிருந்தே வாசகம் நமக்குக் கிடைத்தது. அந்தக் கோயில் பின்னாளில் தேவாலயமாக மாறியது. அதன்பின் அதையொட்டி ஒரு மசூதி எழுந்தது. வெண்கலம் உருக்குவதற்குப் போக, வழிபாட்டிடமாகத் தொடர்ந்த சுவரில் எழுத்து தங்கியது.

முதற்கட்ட மாற்றங்கள்: கோட்டையும் அளவைக் கல்லும்

ரோமப் பேரரசு சரிந்த பிறகு சமாதியைப் பேணுவதற்கு யாரும் இல்லை. வெளிப்புற வெண்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறு கட்டடங்களுக்குப் போயின. வாயிலில் நின்ற இரண்டு கல்தூபிகளும் விழுந்து மண்ணுக்குள் புதைந்தன. அவற்றில் ஒன்றைப் போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1587இல் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் பின்புறத்திலும், மற்றதை ஆறாம் பயஸ் 1786இல் குயிரினாலே குன்றிலும் நிறுத்தினார்கள். இரண்டும் இன்றும் அங்கேதான் நிற்கின்றன.

கல் போனாலும் வட்டச் சுவர்கள் நின்றன. பின்வந்த எல்லாப் பயன்பாடுகளுக்கும் அந்த வட்டமே அடிப்படையாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கொலோன்னா என்ற செல்வாக்குமிக்க குடும்பம் அதைக் கோட்டையாக்கியது. ஆற்றையும் வடக்குச் சாலையையும் ஒருசேரக் கண்காணிக்கக்கூடிய உயரமும், யாரும் எளிதில் உடைக்க முடியாத சுவரும் அவர்களுக்கு அங்கே ஆயத்தமாகக் கிடைத்தன. 1167இல் ரோமப் படை தோற்றபோது, அத்தோல்விக்குக் கொலோன்னா குடும்பத்தின் துரோகமே காரணம் என்று கருதிய நகரத்தார் கோட்டையைத் தாக்கிச் சிதைத்தார்கள். 1241இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரிகோரி அதை மீண்டும் கைப்பற்றித் தகர்த்தார். மக்கள் தலைவராக உயர்ந்து பின்னர் மக்களாலேயே கொல்லப்பட்ட கோலா டி ரியென்ஸோவின் உடல் 1354இல் எரிக்கப்பட்டதும் இந்தச் சிதைவுகளுக்கு அருகில்தான்.

இந்தக் காலகட்டத்தை ஒரே ஒரு கல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ரோமின் கேபிடோலைன் அருங்காட்சியகத்தில் பெரிய சதுரப் பளிங்குக் கல் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் அழகிய பெரிய எழுத்துகளில், மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகளும், தெய்வநிலை அடைந்த அகஸ்டஸின் பேத்தியும், ஜெர்மானிக்கஸின் மனைவியும், பேரரசர் காயஸின் தாயுமான அக்ரிப்பினாவின் எலும்புகள் இங்கே உள்ளன என்று வெட்டப்பட்டிருக்கிறது. நாடுகடத்தப்பட்டு ஒரு சிறு தீவில் கி.பி. 33இல் இறந்த அந்தப் பெண்ணின் அஸ்தியை, பேரரசரான மகன் கி.பி. 37இல் தாமே தேடிச் சென்று கொண்டுவந்து இந்தச் சமாதியில் சேர்த்தார். அஸ்திக்காகக் குடையப்பட்ட கல்லின் குழிவு இடைக்காலத்தில் நகராட்சியின் தானிய அளவையாயிற்று. நம் ஊர் மரக்காலைப் போல, ஆனால் 300 ராத்தல் கொள்ளும் அளவில். இது தானிய அளவை என்று சொல்லும் இடைக்கால எழுத்தும் கல்லில் சேர்க்கப்பட்டது.

இதை அவமதிப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. தேயாத, யாரும் திருட்டுத்தனமாகச் சுருக்க முடியாத ஓர் அளவை அன்றைய சந்தைக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்குப் பேரரசரின் தாயுடைய கலசம் பொருந்தியது. அகஸ்டஸின் கலசமோ அவர் மனைவி லிவியாவின் கலசமோ இன்று நம்மிடம் இல்லை. தானியம் அளக்கப்பட்ட கல் இருக்கிறது, அக்ரிப்பினாவின் பெயரும் அதில் முழுமையாக இருக்கிறது.

தோட்டம், காளைக்களம், நாடகக் கொட்டகை

1546இல் சோடெரினி குடும்பம் சமாதியை வாங்கியது. மேற்பகுதி சரிந்ததில் நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. சுற்றுச் சுவர் காற்றைத் தடுத்ததால் அந்தப் பள்ளம் தோட்டத்துக்கு ஏற்ற இடமாயிற்று. பாத்திகளை ஒழுங்காக வகுத்து, கண்டெடுத்த பழங்காலச் சிலைகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஸ்ட்ரேபோ கண்ட மரங்கள் வேறு வடிவத்தில் திரும்பி வந்தன எனலாம்.

18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசிய வழிவந்த கொரேயா குடும்பத்தின் கைக்கு இடம் மாறியது. 1780 முதல் அங்கே காளை விளையாட்டுகள் நடந்தன. வட்டச் சுவரின்மேல் மரப் படிக்கட்டு இருக்கைகள் எழுந்தன. தோட்டம் மண் களமாயிற்று. கோடை இரவுகளில் வாணவேடிக்கை நடந்தது. நகரத்தார் அதைக் கொரேயா என்றே அழைத்தார்கள். அடியில் கிடப்பது அகஸ்டஸின் சமாதி என்று அறிந்தவர்களும் அதையே சொன்னார்கள். காளை விளையாட்டைப் போப்பாண்டவரின் ஆட்சி பின்னர் தடை செய்தது. நாடகமும் சர்க்கஸும் அதன் இடத்தைப் பிடித்தன.

1870இல் ரோம் இத்தாலியோடு இணைந்து, அடுத்த ஆண்டு அதன் தலைநகராயிற்று. அதன்பின் இரும்பும் கண்ணாடியும் கொண்ட கூரை அரங்கத்தை மூடியது. மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலுக்கு நகர நடுவில் எழுந்துகொண்டிருந்த மாபெரும் நினைவகத்துக்கான குதிரைவீரச் சிலையின் மாதிரியை உருவாக்கவும் சிறிது காலம் இந்த இடமே பயன்பட்டது.

இசையரங்கின் 28 ஆண்டுகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத்தைப் பொறுப்பேற்ற நகராட்சி, அதை இசையரங்காகச் சீரமைத்தது. 1908 பிப்ரவரி 16 அன்று முதல் கச்சேரி நடந்தது. சாந்தா செசிலியா இசைக்கழகத்தின் சிம்பொனிக் குழு அங்கே குடியேறியது. ரோமுக்கு அதற்கு முன் இந்த அளவில் நிலையான கச்சேரி அரங்கு இருந்ததில்லை. வட்ட வடிவம் இருக்கைகளை மேடைக்கு அருகில் வைத்திருந்தது. அரங்கில் ஒலி நன்றாகவே அமைந்ததாகக் கேட்டவர்களும் வாசித்தவர்களும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ரோமின் நீரூற்றுகளை வைத்து ஓட்டோரினோ ரெஸ்பிகி இயற்றிய இசைக்கோவை 1917இல் முதன்முதலாக ஒலித்தது இங்கேதான். ரோமின் பைன் மரங்களை வைத்து அவர் இயற்றிய அடுத்த கோவையும் 1924இல் இங்கேதான் அரங்கேறியது. நகரத்தைப் பற்றிய இசையை, நகரத்தின் மிகப் பழைய சுவர்களில் ஒன்றுக்குள் அமர்ந்து நகரத்தார் கேட்டார்கள். இருக்கைகளுக்குக் கீழே, சுவர்களுக்கு இடைப்பட்ட இருண்ட அறைகளில் சமாதியின் எஞ்சிய பகுதிகள் கிடந்தன.

பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1921 நவம்பரில் இத்தாலிய பாசிச இயக்கத்தின் மாநாடு இதே அகஸ்டேயோவில் கூடியது. இயக்கம் அரசியல் கட்சியாக உருமாறியது அந்த மாநாட்டில்தான். அடுத்த ஆண்டே அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. தன் கட்சி உருவான அரங்கை இடிக்கும் முடிவு பின்னாளில் முசோலினியிடமிருந்தே வந்தது.

முடிவும் அதற்கான காரணங்களும்

1925 டிசம்பர் 31 அன்று நகரத் தலைமைப் பொறுப்பாளருக்கு வழங்கிய உரையில், ஐந்தாண்டுகளுக்குள் ரோம் உலகோர் வியக்கும் நகரமாக வேண்டும் என்றும், அகஸ்டேயோ, மார்செல்லஸ் அரங்கு, கேபிடோல் குன்று, பழைய ரோமக் கோயிலான பாந்தியன் ஆகியவற்றைச் சுற்றி இடம் உண்டாக்க வேண்டும் என்றும், சீரழிவு நூற்றாண்டுகளில் அவற்றைச் சுற்றி வளர்ந்த அனைத்தும் மறைய வேண்டும் என்றும் முசோலினி பணித்தார். பின்வந்த பணிகளுக்கெல்லாம் திசை காட்டியது இந்த உரைதான்.

காரணங்கள் ஒன்றோடொன்று கலந்தவை. முதலாவது அரசியல். தம்மை இரண்டாம் அகஸ்டஸாகக் காட்டிக்கொள்ள விரும்பிய முசோலினிக்கு, அகஸ்டஸ் பிறந்து 2000 ஆண்டுகள் நிறைவதாகக் கணக்கிடப்பட்ட 1937-38 காலம் பெரும் வாய்ப்பாகத் தெரிந்தது. அடுத்தது நகரமைப்பு. நெரிசலான பழைய தெருக்களை அகற்றி வெளிச்சமும் காற்றும் அகன்ற சாலையும் தருவதாகச் சொல்லப்பட்டது. இடிப்பு வேலை வேலையற்றோருக்குக் கூலி தந்தது என்பதும் உண்மை. மூன்றாவது தொல்லியல். முதல் பேரரசரின் சமாதி எப்படி அமைந்திருந்தது என்று அறியும் ஆர்வம் அறிஞர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. அந்த ஆர்வத்தில் பொய்யில்லை. இடிப்பை ஆதரித்த அறிஞர்கள் எல்லோரையும் ஆட்சியாளருக்குப் பணிந்தவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

ஆனால் அந்த மூன்றாவது காரணத்தை எடைபோடும்போது கவனிக்க வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும் அதையே. 1926 முதல் 1930 வரை, அரங்கின் கீழ்ப்பகுதியில் முறையான அகழாய்வு நடந்தது. வட்டச் சுவர்களின் அமைப்பும், நடு அறையின் இருப்பும், எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதும் அப்போதே பெருமளவு தெரிந்துவிட்டன. அந்த ஆண்டுகளிலும் மேலே கச்சேரிகள் தொடர்ந்துகொண்டிருந்தன. சமாதியை அறிவதற்கு அரங்கை இடிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியுறை முழுவதும் போய்விட்டது, மேலடுக்குகள் சரிந்துவிட்டன, இடித்த பின் வெளிப்படப்போவது உடைந்த சுவர் வட்டங்கள்தான் என்பதும் முடிவெடுத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

1934 அக்டோபர் 22 அன்று முசோலினி கையில் பிக்காசோடு கூரை மேல் ஏறி நின்று சுற்றுக் குடியிருப்பின் இடிப்பைத் தொடங்கிவைத்தார். செய்திப்படக் கருவிகள் அதைப் பதிவு செய்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. தரைத்தளத்தில் கடையோ பட்டறையோ வைத்து மேல்தளத்தில் குடியிருந்தவர்களுடைய தெருக்களே வரைபடத்திலிருந்து நீங்கின. அக்காலத்து ரோம் இடிப்புகளில் வெளியேற்றப்பட்ட எளியவர்களில் பலர் நகர விளிம்பில் அவசரமாக எழுந்த குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பிழைப்புக்கு நகர நடுவை நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தொலைவே பெரும் தண்டனையாக இருந்தது. சுற்றியிருந்த மூன்று தேவாலயங்கள் மட்டும் தப்பின. 1936 மே மாதக் கடைசிக் கச்சேரிக்குப் பிறகு அரங்கின் முறை வந்தது.

அரங்கை இழக்கும் சிம்பொனிக் குழு எங்கே போகும் என்ற கேள்விக்குப் புதிய அரங்கு கட்டப்படும் என்ற பேச்சே பதிலாக இருந்தது. அது கட்டப்படவில்லை. மீட்கப்பட்ட சமாதியில் இனி என்ன நடக்கும் என்ற கேள்வியையும் யாரும் தீவிரமாக எழுப்பியதாகத் தெரியவில்லை. அதைப் பார்ப்பார்கள், வியப்பார்கள் என்பதே திட்டமாக இருந்தது.

வெளிப்பட்டது என்ன

கூரையையும் மேடையையும் இருக்கைகளையும் அகற்றியபின் எஞ்சியவை செங்கல் நிறமும் சாம்பல் நிறமும் கலந்த கரடுமுரடான சுவர் வட்டங்கள். பழைய ரோமின் தரைமட்டம் இன்றைய தெருவைவிடப் பல மீட்டர் தாழ்வானது. அந்த மட்டத்துக்குத் தோண்டியதால், குன்றாக உயர்ந்து நின்றிருந்த சமாதி இப்போது ஒரு பள்ளத்துக்குள் அமர்ந்தது. தெருவில் நடப்பவர் அண்ணாந்து பார்ப்பதற்கென்று கட்டப்பட்டதை இப்போது குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. உச்சியில் சைப்ரஸ் மரங்களை நட்டார்கள். ரோம் மக்கள் அதற்குச் சொத்தைப் பல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சுற்றிலும் கட்டடக் கலைஞர் விட்டோரியோ பல்லியோ மொர்புர்கோவின் வடிவமைப்பில் புதிய சதுக்கமும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும் எழுந்தன. அருகிலிருந்த மாளிகை ஒன்றின் அடியில் நீரூறிய மண்ணை உறையவைத்து, அகஸ்டஸின் சமாதான பலிபீடத்தின் துண்டுகளைத் தோண்டியெடுத்தார்கள். பொறியியல் நோக்கில் அது பாராட்டத்தக்க சாதனை. பலிபீடம் ஆற்றோரக் கூடமொன்றில் பொருத்தப்பட்டு, அகஸ்டஸின் பிறந்தநாளான செப்டம்பர் 23 அன்று, 1938இல் திறந்துவைக்கப்பட்டது.

சதுக்கத்தின் வடக்குக் கட்டடத்தில் 1940ஆம் ஆண்டைக் குறிப்பிடும் பெரிய லத்தீன் கல்வெட்டு இருக்கிறது. பேரரசரின் சமாதி "நூற்றாண்டுகளின் இருளிலிருந்து" வெளியே எடுக்கப்பட்டது என்று அது சொல்கிறது. அந்த இரு சொற்களில் தவறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அவர்கள் இருள் என்று குறிப்பிட்ட காலத்தில்தான் அங்கிருந்த கலசம் தானிய அளவையாயிற்று, அங்கே பாத்திகள் வகுக்கப்பட்டன, வாணவேடிக்கை நடந்தது, ரெஸ்பிகியின் இசை முதன்முதல் ஒலித்தது.

பின்விளைவுகள்

விழா முடிந்தது, போர் வந்தது, ஆட்சி வீழ்ந்தது. சமாதி பூட்டப்பட்டது. பிற்காலத்தில் அவ்வப்போது சிறு குழுக்கள் அனுமதிக்கப்பட்டாலும், பொதுமக்களைப் பொறுத்தவரை அது பல பத்தாண்டுகள் மூடியே கிடந்தது. பள்ளத்தில் புல்லும் புதரும் மண்டின, மழைநீர் தேங்கியது, குப்பை சேர்ந்தது. வேர்கள் சுவர்களுக்குள் இறங்கின. சுற்றியிருந்த சதுக்கம் பேருந்துகள் திரும்பும் இடமாயிற்று. நகரின் மிக விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்றின் நடுவே, யாரும் நின்று பார்க்க விரும்பாத ஒரு வெற்றிடம் உருவாயிற்று.

சிம்பொனிக் குழு ஊர்விட்டு ஊர் போகவில்லையே தவிர, அதன் நிலை அதற்கு ஒப்பாகவே இருந்தது. முதலில் ஒரு திரையரங்குக் கட்டடத்தில் வாசித்தது. போருக்குப் பின் ஆர்ஜென்டினா நாடக அரங்குக்குப் போனது. 1958 முதல் வாட்டிகனுக்குச் செல்லும் சாலையில் ஒரு மண்டபத்தைப் பயன்படுத்தியது. தன் தேவைக்கென்று வடிவமைக்கப்பட்ட அரங்கு அதற்கு மீண்டும் அமைய 2002 வரை, ஏறத்தாழ 66 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

2006இல் பலிபீடத்துக்கான பழைய கூடத்தின் இடத்தில் ரிச்சர்ட் மையர் வடிவமைத்த புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சமாதியின் சீரமைப்பு அதன் பிறகே உண்மையில் வேகம் பெற்றது. அரசு நிதியோடு ஒரு தனியார் அறக்கட்டளையின் கொடையும் சேர, சுவர்கள் வலுப்படுத்தப்பட்டு, செடிகொடிகள் அகற்றப்பட்டு, 2021 மார்ச் 1 அன்று பொதுமக்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். கடைசிக் கச்சேரிக்கும் இந்தத் திறப்புக்கும் இடையே 84 ஆண்டுகளும் ஒன்பதரை மாதங்களும் கடந்திருந்தன. அதன் பின்னரும் சீரமைப்பு முடியாததால் மறுபடி மூட வேண்டியிருந்தது. காளைக்களமும் இசையரங்கும் இருந்த காலத்தையும் சேர்த்தே இன்று கட்டடத்தின் வரலாறு சொல்லப்படுகிறது. அந்த அடுக்குகளை எடுத்துக்காட்ட நேரில் இப்போது எஞ்சியிருப்பது மிகக் குறைவு.

எதை மாற்றியிருக்கலாம்

இதே ஆட்சி, இதே ஆண்டுகளில், இன்னோர் இடத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டது. முதலில் இந்தச் சமாதியில் வைக்கப்பட்ட மார்செல்லஸின் பெயரால் அகஸ்டஸ் கட்டிய அரங்கு, ஆற்றோரமாகச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அதுவும் இடைக்காலத்தில் கோட்டையாகி, பின்னர் மாளிகையாயிற்று. 1926 முதல் 1932 வரை நடந்த பணியில், கீழ்த்தள வளைவுகளுக்குள் இருந்த கடைகளும் பட்டறைகளும் வெளியேற்றப்பட்டன. அந்த இழப்பை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் வளைவுகளின் மேலிருந்த மாளிகையை அகற்றாமல் விட்டார்கள். இன்றும் மேலே வீடுகள் இருக்கின்றன, கீழே ரோம வளைவுகள் தெரிகின்றன. சாளரங்களில் மனிதர் இருப்பதால் கூரை பழுதானால் அன்றே தெரியும். பாந்தியன் 609 முதல் தேவாலயமாக இருந்துவருவதால் அதன் குவிமாடம் முழுமையாக நிற்கிறது என்பதும் இதே வகை. கட்டடத்தைத் தினமும் திறந்து மூடும் ஒருவர் இருப்பது எந்தச் சட்டத்தையும்விட அதிகமாக அதைக் காக்கிறது.

அகஸ்டேயோவில் இருந்த வாய்ப்பும் அதுவே. கீழே அகழாய்வு நடக்க மேலே இசை தொடர முடியும் என்று 1926-30 ஆண்டுகள் காட்டியிருந்தன. கீழ் அறைகளுக்குத் தனி வாயில் அமைத்து, பகலில் பார்வையாளரையும் மாலையில் இசை கேட்போரையும் ஒரே கட்டடம் ஏற்றிருக்கலாம். அரங்கின் பிற்காலக் கட்டுமானம் சமாதிச் சுவர்களுக்கு எங்கெல்லாம் சுமையாக இருந்ததோ அங்கு மட்டும் அதை மாற்றியிருக்கலாம். இடிப்பதைத் தவிர்க்கவே முடியாத பகுதிகளையாவது அளந்து, வரைந்து, படமெடுத்து வைத்திருக்க வேண்டும். அக்கால ரோம் அகழ்வுகள் பேரரசர் காலத்தைத் தேடிய வேகத்தில் இடைக்கால அடுக்குகள் போதிய பதிவின்றி அழிந்தன என்ற குறையைப் பின்வந்த தொல்லியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பயன்பாட்டை அகற்றுமுன் அந்த இடத்துக்கு வரப்போகும் பயன்பாடு எது, அதற்கான பணம் யாரிடமிருந்து, சாவி யார் கையில் என்பவை எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு விடையும் அதே சிம்பொனிக் குழுவின் கதையிலேயே இருக்கிறது. 1990களில் ரோமின் வடக்கே ஃப்ளமினியோ பகுதியில் அதற்கான புதிய இசை வளாகத்தின் அடித்தளத்தைத் தோண்டியபோது, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு பழைய பண்ணை மாளிகையின் சுவர்கள் வெளிப்பட்டன. வேலை நின்றது, கால தாமதம் ஆயிற்று. கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ மண்டபங்களின் அமைவிடத்தை மாற்றி வரைந்தார். மாளிகையின் அடித்தளம் கிடைத்த இடத்திலேயே விடப்பட்டது. அங்கே கிடைத்த பொருள்களுக்கு வளாகத்துக்குள்ளேயே சிறிய அருங்காட்சியகம் அமைந்தது. சாந்தா செசிலியா குழுவின் கச்சேரிக்கு இன்று வருபவர்கள் மண்டபத்துக்குப் போகும் வழியில் அந்தக் கல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.